“இலண்டனுக்குத்தானே எழுதினேன், அக்கா?”

ஜேர்மனியின் ரூர் பகுதியில் இருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் மற்றவர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் நெருக்கடி இருந்ததால் இந்தப் பதில் முழுவதும் அவருக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் போய்விட்டது.

கடிதத்தின் சுருக்கம் இது. வயது 43. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. மாலையில், அருகில் உள்ள அகதிகள் காம்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பது, டொக்டரிடம் கூட்டிப்போவது என்று ஓடித்திரிகிறார். இரண்டு ஆண்டுகளாக, இலண்டனில் உள்ள இன உறவு ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு மாதம் ஒரு மடல் எழுதுகிறார். எந்த ஊரில் என்ன தாக்குதல், எந்த வழக்கு எங்கே நிற்கிறது, உள்ளூர்ப் பத்திரிகை என்ன எழுதியது என்பதெல்லாம் அதில் போகும். மடலுக்கு 120 யூரோ. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

பதினொரு வாரத்துக்கு முன் காம்பில் 24 வயதுத் தம்பி ஒருவரைப் பாதுகாப்பு ஊழியர் இரவு வாசலில் மறித்து, நிறத்தைச் சொல்லித் திட்டி, தள்ளியிருக்கிறார். தம்பி சட்டைப்பைக்குள் கைத்தொலைபேசியை வைத்து அதை ஒலிப்பதிவு செய்துவிட்டார். வாசகி அந்த ஒலிப்பதிவையும், தம்பியின் பெயரையும், அவருடைய தஞ்சக் கோப்பின் முதல் பக்கப் படத்தையும் வாட்ஸ்அப்பில் இலண்டனுக்கு அனுப்பினார். நிறுவனத்தின் அறிக்கையில் பெயர் வரவில்லை. ஆனால் ஊர், வயது, சொந்த இடம் வவுனியா என்பது, வந்த ஆண்டு எல்லாம் வந்தன. பாதுகாப்புக் கம்பனியின் பெயரும் வந்தது. இப்போது கம்பனியின் சட்டத்தரணியிடம் இருந்து வாசகியின் வீட்டுக்குக் கடிதம்: ஏழு நாளுக்குள் இணைத்துள்ள உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், ஆயிரத்துச் சொச்சம் யூரோ செலவுத்தொகை கட்ட வேண்டும், இனி மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 5,000 யூரோவுக்கு மேல் தண்டம். “நான் இலண்டனுக்குத்தானே எழுதினேன், அக்கா? ஜேர்மன் சட்டம் எப்படி என்னைப் பிடிக்கும்? வாட்ஸ்அப்பில் உள்ளதை எல்லாம் அழித்துவிடட்டா? தம்பியின் விசாவுக்கு ஏதும் நடக்குமா? இனி எழுதுவதை விட்டுவிடட்டா?” என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, முதலில் ஒன்று. எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் சொல்வது உண்மை என்று காட்டப்போவதும் அதே வாட்ஸ்அப்தான். பயத்தில் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குச் சாதகமான செய்தியும் சேர்ந்தே போன பிறகு என்னிடம் வருவார்கள்.

வாசலுக்கு வந்த கடிதம்

இதை ஜேர்மனியில் அப்மானுங் என்பார்கள். இது நீதிமன்றக் கட்டளை அல்ல. மறு தரப்புச் சட்டத்தரணி எழுதிய கடிதம், அவ்வளவுதான். ஆனால் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு இருக்கக்கூடிய கடிதமும் அல்ல. நாள் கடந்தால் அவர்கள் நேராக நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை கேட்கலாம். பல நேரங்களில் அது வேகமாகவே கிடைத்துவிடும், செலவும் உங்கள் தலையில் விழும்.

அதற்காக அவர்கள் அனுப்பிய படிவத்தில் அப்படியே கையெழுத்தும் வைக்காதீர்கள். அந்த உறுதிமொழி ஓர் ஒப்பந்தம். வைத்த கையெழுத்து ஆண்டுக்கணக்காக உங்களைக் கட்டிப்போடும். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய படிவத்தை வாசித்தேன். “இக்கம்பனியின் ஊழியர்கள் குறித்து எவ்வித எதிர்மறைக் கூற்றையும்” வெளியிடமாட்டேன் என்று இருக்கிறது. அதாவது நாளைக்கு அதே வாசலில் ஒருவர் கையை முறித்தாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது. இப்படிப்பட்ட அகலமான வாசகத்தை யாரும் ஏற்கத் தேவையில்லை. பிழையாகப் போன கூற்று எதுவோ அதற்கு மட்டும், உங்கள் சொற்களில், குறுகலான உறுதிமொழி கொடுக்கலாம். அதை எழுத ஒரு சட்டத்தரணி வேண்டும்.

காசுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் குறைவு என்றால் உங்கள் ஊர் நீதிமன்றமான ஆம்ட்ஸ்கெரிஷ்ட்டில் பெராட்டுங்ஸ்ஹில்ஃப என்ற சட்ட ஆலோசனை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சீட்டுக் கிடைத்தால் சட்டத்தரணிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 15 யூரோ. சம்பளத் துண்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். திங்கட்கிழமை காலையில் இதை முடித்தால், சட்டத்தரணி அன்றே அவகாச நீட்டிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிவிடுவார்.

இலண்டன் என்பது குடை அல்ல

பலர் நினைப்பது போலத்தான் நீங்களும் நினைத்திருக்கிறீர்கள்: செய்தி வெளியான நாட்டின் சட்டம்தான் பொருந்தும், நான் வெறும் தபால்காரி. அப்படி இல்லை. நீங்கள் எழுதியது ஜேர்மனியில், ஆட்கள் ஜேர்மனியில், கம்பனியின் நற்பெயர் ஜேர்மனியில். ஜேர்மன் நீதிமன்றத்துக்கு இது போதும். அதோடு, இலண்டனில் பேச்சுச் சுதந்திரம் கூடுதல் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அவதூறு வழக்குப் போட உலகம் எங்கும் இருந்து பணக்காரர்கள் இலண்டனுக்குத்தான் போவார்கள் என்று பேரெடுத்த ஊர் அது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

கம்பனி ஏன் நிறுவனத்தை விட்டுவிட்டு உங்களிடம் வந்தது? பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, ஜேர்மன் தீர்ப்பு ஒன்றை இலண்டனில் நிறைவேற்றுவது முன்னைப்போல் லேசில்லை. உங்கள் வீட்டுக் கதவு அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லை தாண்டி எழுதுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. அறிக்கையின் புகழ் அங்கே போகும், ஆபத்து இங்கே தங்கும்.

ஆகவே இன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள். கேட்பதை எண்ணிக் கேளுங்கள். கம்பனிக் கடிதத்தின் பிரதியை அவர்களுடைய சட்டத்தரணி பார்க்க வேண்டும். வவுனியா, வயது, வந்த ஆண்டு மூன்றையும் அறிக்கையில் இருந்து உடனே எடுக்க வேண்டும். வெளியிட்ட பொறுப்பு ஆசிரியருடையது என்று எழுத்தில் தர வேண்டும். உங்கள் சட்டச் செலவையும் அவர்கள் ஏற்க வேண்டும். தயங்காதீர்கள். இது பிச்சை அல்ல.

2024-இல் ஐரோப்பிய ஒன்றியம், பொதுநலனுக்காகப் பேசுகிறவர்களை வழக்குப் போட்டு வாயடைப்பதற்கு எதிராக ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. 2026 மே 7-க்குள் நாடுகள் அதைத் தத்தம் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. உங்களைப் போல் இரண்டு நாடுகளைத் தொடும் விவகாரங்களுக்குத்தான் அது எழுதப்பட்டது. உங்கள் சட்டத்தரணியிடம் இதைப்பற்றிக் கேளுங்கள். ஆனால் அடிப்படையே இல்லாத வழக்குகளுக்கும் மிரட்டல் வழக்குகளுக்கும்தான் அது கேடயம். உண்மையிலேயே ஒரு பிழை விட்டிருந்தால் அது பெரிதாகக் காப்பாற்றாது. உங்கள் மடலில் ஒரு பிழை இருக்கிறது.

“தள்ளிப்போட்டு”

தம்பி உங்களுக்கு அனுப்பிய குரல்செய்தியை எழுத்தில் அனுப்பியிருந்தீர்கள். அதில் அவர் சொல்வது இது: “என்னைத் தள்ளிப்போட்டு, வெளியில போ எண்டு கத்தினவன்.” யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வளர்ந்த எவருக்கும் இதன் பொருள் தெரியும். தள்ளிவிட்டு, பிறகு கத்தினான். சாப்பிட்டுப்போட்டு வாறன் என்பதில் எதையும் கீழே போடுவதில்லை அல்லவா, அதே ‘போட்டு’தான். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய வரியில் அது ‘கீழே தள்ளி விழுத்தினார்’ என்று ஆகிவிட்டது. அறிக்கையில் இன்னும் ஒரு படி ஏறி, ‘படியில் இருந்து’ என்று வந்திருக்கிறது. வாசலில் படி இருப்பது உங்கள் பழைய மடல் ஒன்றில் இருந்து அவர்களுக்குத் தெரியும். சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பனியின் சட்டத்தரணி வேறு எதையும் தொடவில்லை, கவனித்தீர்களா? திட்டியதை மறுக்கவில்லை. தள்ளியதை மறுக்கவில்லை. யாரும் படியில் விழவில்லை, கண்காணிப்புக் கமராவில் பார்க்கலாம் என்று அந்த ஒரே வரியில் நிற்கிறார். ஜேர்மன் சட்டம் கருத்தையும் நடந்த சம்பவத்தையும் பிரித்துப் பார்க்கும். “அந்த வாசலில் நடப்பது இனவெறி” என்பது பெரும்பாலும் கருத்து. அதற்கு அரசியல் சாசனத்தின் 5-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. “இன்ன இரவு படியில் தள்ளி விழுத்தினார்” என்பது சம்பவம். அதை நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில்தான். எனவே உங்கள் குறுகலான உறுதிமொழி இந்த ஒரு வரிக்கு மட்டும் இருக்கட்டும். திட்டியதும் தள்ளியதும் அப்படியே நிற்கும்.

இனிமேல் எந்த மடலிலும் ஆள் சொன்ன சொல்லைத் தமிழிலேயே முதலில் எழுதுங்கள், கீழே மொழிபெயர்ப்பு. அனுப்பும் முன் அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒலிப்பதிவும் கோப்பும்

இதுதான் எனக்குக் கவலை தரும் பகுதி. பொதுவில் பேசாத பேச்சை அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்வது ஜேர்மன் குற்றவியல் சட்டம் 201-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். பதிவு செய்தவர் மட்டுமல்ல, அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுத்தவரும் அதற்குள் வருவார். ஆட்கள் வந்துபோகும் வாசலில் கத்தியது ‘பொதுவில் பேசாத பேச்சு’ தானா என்பதை வாதாடலாம், வாதாட நல்ல இடமும் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சட்டத்தரணி செய்யட்டும். நீங்கள் அந்தப் பதிவை இனி ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், பொலிஸிடம் உட்பட. இலண்டனுக்கும் எழுதி, அதை யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தஞ்சக் கோப்பின் படத்தை அனுப்பியது அதைவிடப் பெரிய பிழை. கோபிக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும். ஒருவரின் இனம், மதம், அரசியல் நம்பிக்கை ஆகியவை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் விசேட காவலில் உள்ள தகவல்கள். வீட்டுப் பாவனைக்கு உள்ள விலக்கு உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் நிறுவனம் ஒன்றுக்காகச் செய்கிறீர்கள். ஆய்வுக்கும் ஊடகத்துக்கும் சலுகைகள் உண்டுதான். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்ல அவருடைய கோப்பு இலக்கம் எதற்கு? வவுனியாவில் அவருடைய தாய் இருக்கிறார். கோப்பின் முதல் பக்கம் யார் கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறது என்று இன்றைக்கு உங்களுக்கே தெரியாது.

“நான் நிருபர், மூலத்தை வெளியிடத் தேவையில்லை” என்று எழுதியிருந்தீர்கள். சாட்சி சொல்ல மறுக்கும் அந்த உரிமை, தொழில்முறையில் ஊடக வேலை செய்கிறவர்களுக்கு உரியது. சமையலறை வேலைக்கு இடையில் மாதம் ஒரு மடல் எழுதுகிறவருக்கு அது கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆய்வாளர்களுக்குக்கூட அப்படி ஒரு தெளிவான உரிமை சட்டத்தில் எழுதப்படவில்லை. 2023-இல், சிறைக் கைதிகளுடன் செய்த ஆய்வு நேர்காணலைப் பறிமுதல் செய்தது பற்றிய மனு ஒன்றை ஜேர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் தாமதமாக வந்தது என்று தள்ளிவிட்டது. இரகசியம் காத்துத் தகவல் திரட்டுவதும் ஆய்வுச் சுதந்திரத்தின் பகுதிதான் என்று அப்போது சொல்லிவைத்தது, அவ்வளவு ஆறுதல்தான்.

கடல் தாண்டி வைத்தால் பத்திரம் என்ற நினைப்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளை 2001 முதல் சில ஆண்டுகள் நேர்காணல் செய்து, அந்த ஒலிநாடாக்களை அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் பூட்டிவைத்தார்கள். நீங்கள் சாகும்வரை வெளியே வராது என்பது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. 2011-இல் பிரித்தானிய அரசு அமெரிக்க அரசு வழியாகக் கேட்டது. வழக்காடியும் பலனில்லை, சில நாடாக்கள் பொலிஸ் கைக்குப் போயின. காக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். “என்னால் முடிந்தவரை உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன்” என்று சொன்னால் போதும், அது உண்மையும் கூட.

தம்பியின் நாட்கள் ஓடுகின்றன

உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் தம்பி பொலிஸுக்குப் போனாரா என்று ஒரு வரி இல்லை. தொலைபேசியில் கேட்டபோதுதான், “இலண்டனுக்குப் போட்டிட்டம்தானே” என்றீர்கள். இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வு நிறுவனத்துக்கு எழுதுவது முறைப்பாடு அல்ல. அறிக்கை வரும், புள்ளிவிவரத்தில் ஒன்று கூடும். தம்பிக்கு ஒன்றும் நடக்காது.

திட்டியதற்கும் சாதாரணமாகத் தள்ளியதற்கும் பொலிஸில் சொல்லிவிட்டு வந்தால் மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவர் தண்டனை கோரும் மனு ஒன்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை ஸ்ட்ராஃப்ஆன்ட்ராக் என்பார்கள். செய்தவர் யார் என்று தெரிந்த நாளில் இருந்து மூன்று மாதம்தான் அவகாசம். பதினொரு வாரம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட இரண்டு வாரம். ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும் முன் தம்பிக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி வேண்டும், உங்களுடையவர் போதாது. உங்கள் நலனும் அவர் நலனும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

முறைப்பாட்டில் என்ன திட்டினார் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்லுங்கள். ‘அவமதித்தார்’ என்று சுருக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இனவெறி நோக்கத்தைத் தண்டனை அளக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2015-இல் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். சும்மா சேர்க்கவில்லை. உங்களுக்குப் பக்கத்து டோர்ட்முண்டில் 2006 ஏப்ரல் 4 அன்று மெஹ்மெட் குபாஷிக் தன் கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். என்.எஸ்.யு. என்ற நாசிக் கும்பல் குடியேறிகள் ஒன்பது பேரைக் கொன்ற வரிசையில் அவர் எட்டாவது. பொலிஸ் ஆண்டுக்கணக்காகக் கொலையாளியைக் குடும்பங்களுக்கு உள்ளேயும் போதைவஸ்துக் கும்பலிலும் தேடியது. அந்த ஆண்டே குடும்பங்கள் டோர்ட்முண்ட் தெருவில் ஊர்வலம் போய்க் கத்தின. கும்பல் வெளிப்பட்டது 2011 நவம்பரில்தான். நோக்கத்தைக் கோப்பில் எழுதாவிட்டால் அது கோப்பில் இல்லை.

விசா பற்றிய பயம்: முறைப்பாடு செய்தது தஞ்சக் கோரிக்கையை நிராகரிக்கக் காரணம் ஆகாது. அந்த முடிவு இலங்கையில் அவருக்கு என்ன ஆபத்து என்பதை வைத்து எடுப்பது. காம்பிலே பாதுகாப்பு ஊழியர் முறைத்துப் பார்ப்பார் என்ற பயம் நியாயமானது. வேறு காம்புக்கு மாற்றக் கேட்டு அதே சட்டத்தரணி எழுதலாம்.

தம்பியிடம் அறிக்கையைக் காட்டினீர்களா? 1992 நவம்பரில் மோல்ன் நகரில் துருக்கிக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு பாட்டியும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். ஜேர்மனி எங்கும் இருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் அந்தக் குடும்பங்களுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். நகராட்சி அவற்றை வாங்கிக் காப்பகத்தில் அடுக்கிவைத்தது. குடும்பத்தின் கையில் அவை கிடைத்தது கால் நூற்றாண்டுக்கும் பிறகு. கெட்ட எண்ணத்தில் செய்ததாகக்கூட இருக்காது. ஆனால் யாருக்கு நடந்ததோ அவர் கைக்கு வராமல் எல்லாம் அவரைச் சுற்றியே நடக்கும். உங்கள் இரண்டு ஆண்டு மடல்களில் எத்தனை பேர் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்திருப்பார்கள்?

எழுதுவதை விடுவதா?

வேண்டாம். இலண்டனின் இன உறவுகள் நிறுவனம் 1958-இல் தனி நிறுவனமாகத் தொடங்கியது. அதே ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வெளியேறிய வங்கி முகாமையாளர் ஒருவர், 1964-இல் அதற்கு நூலகராகப் போனார். அம்பலவாணர் சிவானந்தன், வேர் சண்டிலிப்பாயில். 1972-இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் திரண்டு மேலிடத்தை மாற்றியபோது முன்னின்றார், பிறகு பல ஆண்டுகள் இயக்குநராக இருந்தார். மேலிருந்து மக்களை ஆராயும் இடமாக இருந்ததை, கீழிருந்து மக்கள் பேசும் இடமாக மாற்றினார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குச் சமையலறையில் இருந்து எழுதுகிறவர்கள் வேண்டும். பேராசிரியர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

ஆனால் அடுத்த மடலுக்கு முன் ஒப்பந்தம் கேளுங்கள். ஒரு பக்கம் போதும்: வெளியிடும் பொறுப்பு யாருக்கு, வழக்கு வந்தால் செலவு யாருக்கு, அடையாளம் காட்டும் விவரங்களை யார் நீக்குவது, வெளியிடும் முன் உங்களுக்கு அனுப்புவார்களா. தகவல் அனுப்பப் பாதுகாப்பான வழியை அவர்கள் ஏற்படுத்தித் தரட்டும், வாட்ஸ்அப் இனி வேண்டாம். 120 யூரோக்களை வரிக் கணக்கில் காட்டுங்கள். ஆண்டுக்கு 1,440 யூரோ வருகிறது, சம்பளத்துக்கு வெளியே சிறு தொகைக்கு விட்டுக்கொடுக்கும் 410 யூரோ எல்லையை அது தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்து ஒப்பந்தத்தில் பக்க வேலையை அறிவிக்க வேண்டும் என்று இருந்தால் அதையும் அறிவித்துவிடுங்கள்.

திங்கள் காலை ஆம்ட்ஸ்கெரிஷ்ட். செவ்வாய் தம்பியோடு சட்டத்தரணி. அறிக்கையை அச்செடுத்து எடுத்துப் போங்கள், போகிற பஸ்ஸிலேயே அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். “படியில் இருந்து” என்ற இடம் வரும்போது அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.